வார்ஃபரினை நிறுத்திவிட்டு நாட்டோகைனேஸ்: செயற்கை வால்வில் உறைந்த ரத்தம்

2015ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக மருத்துவ மையம் வெளியிடும் இதழில், இரண்டே பக்கத்தில் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு வந்தது. இதயத்தின் பெருந்தமனி வால்வு கெட்டுப்போய், அதற்குப் பதிலாக இயந்திர வால்வு பொருத்தப்பட்டவர் அவர். இயந்திர வால்வு வைத்துக்கொண்டவர்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட்டாக வேண்டும். இவர் வார்ஃபரினை விட்டுவிட்டு நாட்டோகைனேஸ் என்ற சப்ளிமென்ட்டுக்குத் தானாகவே மாறினார். வால்வில் ரத்தம் உறைந்து கட்டியானது. மறுபடியும் நெஞ்சைத் திறந்து, அந்த வால்வை எடுத்துவிட்டு, வேறொன்றைப் பொருத்தினார்கள். அறுவை சிகிச்சை வெற்றி. ஆனால் வந்திருக்கவே வேண்டாத அறுவை சிகிச்சை அது.

இந்த ஒரு நிகழ்வை ஆற அமர அலசிப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாட்டோகைனேஸ் இன்று இந்தியாவிலும் ஆன்லைனில் சாதாரணமாகக் கிடைக்கிறது. இதயத்துக்கு நல்லது, ரத்த ஓட்டத்தைச் சீராக்கும், நொதித்த உணவிலிருந்து வந்தது, அதனால் பக்கவிளைவு இல்லை என்கிறார்கள் விற்பவர்கள். நம் ஊரிலோ, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, இருபது முப்பது வயதிலேயே இயந்திர வால்வு வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்ரா நிலையம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வு, வெளிநாட்டு வால்வை வாங்க முடியாத குடும்பங்களுக்கும் இந்தச் சிகிச்சையை எட்டவைத்தது. அவர்களில் பெரும்பாலோர் தினமும் அசிட்ரோம் என்ற பெயரில் வரும் அசெனோகுமரால் மாத்திரையையோ வார்ஃபரினையோ சாப்பிடுகிறவர்கள். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, காயம் பட்டால் பயம், கீரை சாப்பிடலாமா என்ற குழப்பம் என்று அலுத்துப்போனவரிடம் "இதுவும் ரத்தத்தை இளக்கும், இயற்கையானது" என்று ஒரு டப்பாவை நீட்டினால் ஆசை வரத்தான் செய்யும். அந்த நோயாளியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் நம்பிய வாக்கியத்தில் எந்த இடத்தில் பிசகு இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

நாட்டோவும் அதிலிருந்து வந்த நொதியும்

நாட்டோ ஜப்பானியரின் காலை உணவு. சோயா பீன்ஸை இரவு முழுக்க ஊறவைத்து, மெத்தென்று வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பேசிலஸ் சப்டிலிஸ் வகை பாக்டீரியாவின் வித்துகளைக் கலந்து, 40 டிகிரி சுற்றிலான வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாள் வைப்பார்கள். அந்தக் காலத்தில் வைக்கோல் கட்டுக்குள் பொதிந்து வைத்தார்கள். வைக்கோலிலேயே அந்த பாக்டீரியா இருக்கும், தனியாகக் கலக்க வேண்டியதில்லை. ஷின் சவாமுரா 1905இல் அந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அப்புறம்தான் சுத்தமான வித்தை வைத்துத் தொழிற்சாலையில் செய்யும் வழி பிறந்தது. டோக்கியோவுக்கு வடகிழக்கே இபராகி மாநிலத்தில் இருக்கும் மிதோ நகரம் நாட்டோவுக்குப் பேர்போனது.

இன்று கடையில் வாங்கினால் உள்ளங்கையளவு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியில் 40 முதல் 50 கிராம் நாட்டோ இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை உரித்தால், பழுப்பு நிற பீன்ஸோடு வெள்ளையாக நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும். அமோனியா வாடை கொஞ்சம் தூக்கலாகவே அடிக்கும். கூடவே கொடுத்திருக்கும் சோயா சாஸையும் கடுகு விழுதையும் ஊற்றிச் சாப்ஸ்டிக்கால் நன்றாகக் கலக்குவார்கள். கலக்கக் கலக்க நூல்கள் பெருகி நுரையாகும். அதைச் சூடான சோற்றின் மேல் கொட்டிச் சாப்பிட வேண்டியதுதான். அந்தப் பிசுபிசுப்பு பாலிகுளுட்டமிக் அமிலம் என்ற பொருளால் வருவது. நாட்டோகைனேஸ் என்ற நொதியும் அந்தப் பிசினோடுதான் இருக்கிறது.

இந்த நொதிக்குப் பெயர் வைத்தவர் ஹிரோயுகி சுமி. 1980இல் சிகாகோவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, ரத்தக் கட்டியின் நாரான ஃபைப்ரினைத் தட்டில் பரப்பி, அதன்மேல் நாட்டோவை வைத்துப் பார்த்தார். உடல் வெப்பத்தில் வைத்த அந்த ஃபைப்ரின் கரைந்துபோனது. ஜப்பான் திரும்பிய பிறகு சக ஆராய்ச்சியாளர்களோடு நொதியைப் பிரித்தெடுத்து, 1987இல் எக்ஸ்பீரியன்ஷியா என்ற அறிவியல் இதழில் வெளியிட்டார். 275 அமினோ அமிலங்கள் கோத்த புரதம் அது. ஃபைப்ரினை நேரடியாக வெட்டும். உடலிலேயே இயற்கையாக நடக்கிற கட்டி கரைப்பைத் தடுத்துவைக்கும் பி.ஏ.ஐ-1 என்ற புரதத்தையும் வெட்டும் என்று 2001இல் இன்னொரு ஜப்பானியக் குழு காட்டியது. தட்டிலும் சோதனைக் குழாயிலும் இதெல்லாம் உண்மை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தட்டு வேறு, ரத்தக் குழாய் வேறு. நாட்டோகைனேஸ் ஒரு புரதம். வாயால் விழுங்கும் புரதம் வயிற்றின் அமிலத்தைத் தாண்ட வேண்டும். அமிலத்தன்மை கூடினால் இந்த நொதி செயலிழந்துவிடும், அதனால்தான் சில நிறுவனங்கள் குடலில் கரையும் உறையில் அடைத்து விற்கின்றன. தாண்டினாலும் முழு மூலக்கூறாகக் குடல் சுவரைக் கடந்து ரத்தத்தில் எவ்வளவு சேரும் என்பது அடுத்த கேள்வி. ஒரு தடவை 2,000 யூனிட் சாப்பிட்ட 11 பேரின் ரத்தத்தில் அதன் தடயத்தைப் பார்த்ததாக 2013இல் ஒரு சிறு ஆய்வு வந்தது. ஏதோ கொஞ்சம் போய்ச் சேர்கிறது. ஒரு வால்வைக் காப்பாற்ற அது போதுமா?

இங்கே மாரடைப்பு வார்டில் நடப்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம் அரசு மருத்துவமனைகளில் மாரடைப்போடு வந்தவருக்குக் 'கட்டியைக் கரைக்க ஊசி போட்டோம்' என்று சொல்வார்களே, அந்த ஊசிகளில் ஒன்று ஸ்ட்ரெப்டோகைனேஸ். அதுவும் பாக்டீரியாவிலிருந்து வந்ததுதான், 1933இல் கண்டுபிடித்தது. அதை யாரும் மாத்திரையாகத் தருவதில்லை. 15 லட்சம் யூனிட்டை ஒரு மணி நேரத்தில் நேராக நரம்பில் ஏற்றுகிறார்கள், மானிட்டர் பக்கத்தில் இருக்க. இத்தாலியில் 11,806 பேரை வைத்துச் செய்த கிஸ்ஸி ஆய்வு 1986இல் வெளியானது. ஊசி போட்டவர்களில் 21 நாளுக்குள் இறந்தவர்கள் 10.7 சதவீதம், போடாதவர்களில் 13 சதவீதம். கட்டியைக் கரைக்கும் நொதி ஒன்று உயிரைக் காத்தது என்று சொல்ல அவ்வளவு பேர் தேவைப்பட்டார்கள். அவ்வளவு சக்தியுள்ள மருந்தின் பலனே அந்த இரண்டு சொச்சம் சதவீதம்தான்.

வால்வில் என்ன நடந்திருக்கும்

இயந்திர வால்வு ஒரு வளையமும் அதற்குள் திறந்து மூடும் ஒன்றிரண்டு தட்டும் கொண்டது. தட்டுகளைப் பெரும்பாலும் பைரோலிட்டிக் கார்பனில் செய்கிறார்கள், இதயத்தோடு சேர்த்துத் தைக்க வளையத்தைச் சுற்றித் துணி இருக்கும். நிமிடத்துக்கு எழுபது எண்பது முறை தட்டு அடித்துக்கொள்ளும் சத்தம் நோயாளிக்கே கேட்கும். அமைதியான அறையில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும், கைக்கடிகாரத்தைப் போல. பழகிப்போனவர்களுக்கு அந்தச் சத்தம் மங்குவதே முதல் எச்சரிக்கை. தட்டின் கீலிலோ வளையத்தின் ஓரத்திலோ கட்டி படிந்துவிட்டால் தட்டு முழுசாகத் திறக்காது, அல்லது முழுசாக மூடாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், படுத்தால் முட்டும். கட்டியின் ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ரத்தம் ஏன் அங்கே உறைகிறது? உடலுக்குச் சொந்தமில்லாத பரப்பைத் தொட்டதும் உறைதல் காரணிகள் ஒன்றையொன்று தூண்டிவிட ஆரம்பிக்கும். கீலின் இடுக்கில் ரத்தம் தேங்கிச் சுழலும், அங்கே திராம்பின் திரளும். திராம்பின்தான் ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனைக் கெட்டி நாராக்குவது. வார்ஃபரின் இந்த வரிசையின் தலைமாட்டிலேயே கை வைக்கிறது. கல்லீரல் 2, 7, 9, 10 என்ற காரணிகளைச் செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமினைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழியை வார்ஃபரின் அடைத்துவிடும். காரணிகள் அரைகுறையாகவே வெளியே வரும், திராம்பின் அளவுக்கு மீறித் திரளாது.

நாட்டோகைனேஸின் வேலை வேறு. சொல்லப்படும் அளவுக்கு அது ரத்தத்தில் இருந்தாலும்கூட, ஏற்கெனவே உருவான ஃபைப்ரினை வெட்டும். திராம்பின் உருவாவதைத் தடுக்காது. வால்வு இருக்கும்வரை அந்த இடுக்கில் திராம்பின் ஒவ்வொரு நிமிடமும் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். "ரத்தத்தை இளக்கும்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு வேலைகளைப் போட்டு மூடிவிட்டதுதான் இந்த நோயாளிக்கு வந்த ஆபத்தின் வேர். ஆஸ்பிரினுக்கும் அதே சொல்தான். அது உறைதலுக்கு உதவும் தட்டணுக்கள் என்ற ரத்த அணுக்களில் வேலை செய்கிறது, அதுவும் தனியாக ஒரு இயந்திர வால்வைக் காப்பாற்றாது.

இன்னொரு சான்று எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. டாபிகாட்ரான் முறையான மருந்து. திராம்பினை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும், இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்குப் பக்கவாதத்தைத் தடுப்பதில் வார்ஃபரினோடு போட்டிபோடும். இயந்திர வால்வுக்கும் அதைக் கொடுக்கலாமா என்று ரீ-அலைன் என்ற ஆய்வில் பார்த்தார்கள். 252 பேரோடு பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 2013இல் வெளியான முடிவில், டாபிகாட்ரான் சாப்பிட்டவர்களில் 5 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்திருந்தது, வார்ஃபரின் சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. ரத்தக்கசிவும் டாபிகாட்ரானில்தான் அதிகம். ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுத்த மருந்தே அந்த வால்வின் முன்னால் தோற்றது. பிசின் நொதி தாங்கும் என்று நம்ப எந்த ஆதாரமும் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அளக்கும் விஷயமும் இருக்கிறது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் உண்டு. பெருந்தமனி வால்வுக்குப் பொதுவாக 2 முதல் 3 வரை, மிட்ரல் வால்வுக்குச் சற்று மேலே வைத்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சிறு நோட்டில் தேதி, எண், மாத்திரை அளவு மூன்றையும் எழுதி வருவார்கள். அந்த நோட்டை அலுப்பூட்டும் சடங்காகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது வார்ஃபரினின் மிகப்பெரிய பலமாகத் தெரிகிறது. மருந்து வேலை செய்கிறதா என்று எந்த நாளிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நாட்டோகைனேஸுக்கு அப்படி ஒரு எண் கிடையாது. டப்பாவில் இருக்கும் 'எஃப்.யு.' என்ற யூனிட், சோதனைக் குழாயில் எவ்வளவு ஃபைப்ரினைக் கரைக்கிறது என்று சொல்லும். உங்கள் ரத்தத்தில் என்ன செய்தது என்று சொல்லாது. மாத்திரையை மாற்றிக்கொண்டவருக்கு, தனக்குப் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்துகொள்ள வழியே இருக்காது, மூச்சு முட்டும்வரை.

எதிர்த்திசையிலும் ஒரு விபத்து

தைவானில் ஒருவர். முன்பே பக்கவாதம் வந்திருந்ததால் மீண்டும் வராமலிருக்க ஆஸ்பிரின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதோடு தினமும் 400 மில்லிகிராம் நாட்டோகைனேஸ் சேர்த்துக்கொண்டார். ஏழு நாள் சாப்பிட்டபின் சிறுமூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. ஸ்கேனில் மூளையின் பல இடங்களில் பழைய நுண்கசிவுகளின் தடங்கள் தெரிந்தன. அதாவது அவருடைய மூளையின் சிறு ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே நொய்ந்திருந்தன. இந்த நிகழ்வு 2008இல் ஜப்பானின் இன்டர்னல் மெடிசின் இதழில் பதிவானது.

ஒரு நிகழ்வை வைத்து நாட்டோகைனேஸ்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நொய்ந்த குழாயும் ஆஸ்பிரினும் மட்டுமே போதும் கசிவு வர. ஆனால் இரண்டு நிகழ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்துக்குப் பதிலாகச் சாப்பிட்டவருக்கு அது போதவில்லை. மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டவருக்கு அது மிகையாகிவிட்டது என்று மருத்துவர்களே சந்தேகிக்க வேண்டிவந்தது. எந்த அளவில் என்ன செய்யும் என்று தெரியாத பொருள் இப்படித்தான் இரண்டு பக்கமும் வெட்டும்.

ஆய்வுகள் சொல்வது

நாட்டோகைனேஸுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. கொரியாவில் 86 பேரை வைத்து, எட்டு வாரம், தினம் 2,000 யூனிட் கொடுத்து, மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வந்தது. மேல் ரத்த அழுத்தம் ஐந்தரை புள்ளி அளவுக்கும், கீழ் அழுத்தம் மூன்று புள்ளிக்குச் சற்றுக் குறைவாகவும் இறங்கியது. உப்பைக் குறைத்து, தினம் அரைமணி நடந்தால் கிடைக்கிற இறக்கத்தோடு ஒப்பிடக்கூடிய அளவு. மோசமில்லை, ஆனால் சிறிய ஆய்வு, குறுகிய காலம்.

நீண்ட கால ஆய்வு 2021இல்தான் வந்தது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்ட் ஹோடிஸ் குழு, இதய நோய் இல்லாத 265 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 2,000 யூனிட் நாட்டோகைனேஸும் மற்றதற்குப் போலி மாத்திரையும் கொடுத்து, சராசரியாக மூன்று ஆண்டு பின்தொடர்ந்தது. யாருக்கு எது என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. கழுத்துத் தமனியின் சுவர்த் தடிமன் இரண்டு பிரிவிலும் ஒரே மாதிரிதான் கூடியது. ரத்த அழுத்தத்திலும் வித்தியாசம் இல்லை. விற்கப்படும் வழக்கமான அளவு இதுவேதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் 2022இல் சீனாவிலிருந்து 1,062 பேரை வைத்து ஒன்று. தினமும் 10,800 யூனிட் கொடுத்து ஓராண்டில் கழுத்துத் தமனிப் படிவு வெகுவாகக் குறைந்ததாகச் சொன்னது. குறைந்த அளவான 3,600 யூனிட் பலன் தரவில்லை என்றும் அதுவே சொன்னது. சப்ளிமென்ட் விற்பவர்கள் இந்த ஆய்வைத்தான் இன்று எல்லா இடத்திலும் ஒட்டுகிறார்கள். அதில் போலி மாத்திரை கொடுத்த பிரிவு கிடையாது. மருத்துவமனைக்கு வந்து, பரிசோதித்துக்கொண்டு, உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றிக்கொள்கிறவர்களுக்கு எப்படியும் கொஞ்சம் மேம்பாடு வரும். அதைப் பிரித்துக் காட்டாத ஆய்வை, பிரித்துக் காட்டிய ஆய்வின் மேலே வைக்க என்னால் முடியாது. அதிக அளவு கொடுத்துப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்பதற்கு அது நல்ல காரணம், அவ்வளவுதான்.

உணவாகச் சாப்பிடும் நாட்டோவுக்கு இதைவிட உறுதியான பக்கம் உண்டு. ஜப்பானின் கிஃபு மாநிலத்தில் தகயாமா நகரத்தில் 29,079 பேரைப் பதினாறு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். நாட்டோ அதிகம் சாப்பிட்ட கால்பகுதியினரிடம், மிகக் குறைவாகச் சாப்பிட்ட கால்பகுதியினரைவிட இதய, ரத்தக்குழாய் நோய் மரணம் 25 சதவீதம் குறைவு. 2017இல் வந்த முடிவு. 92,915 பேரைத் தொடர்ந்த இன்னொரு பெரிய ஆய்வு 2020இல் பி.எம்.ஜே. இதழில் வெளியானது, அதுவும் நாட்டோ சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோய் மரணம் குறைவு என்றே காட்டியது. இவை கூர்ந்து கவனித்த ஆய்வுகள், பரிசோதனைகள் அல்ல. காலையில் நாட்டோவும் மீனும் மிசோ சூப்பும் சாப்பிடுகிறவர் வேறு பல விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பவராக இருக்கலாம். அப்படியே பலன் நாட்டோவால்தான் என்று வைத்துக்கொண்டாலும், அது நொதியால் வந்ததா, சோயா புரதத்தாலா, நாரினாலா, பொட்டாசியத்தாலா? ஒரு கிண்ணம் உணவின் பலனை ஒரு மூலக்கூறின் பெயரில் எழுதிவைக்க எந்த ஆய்வும் அனுமதி கொடுக்கவில்லை.

அதே நாட்டோ, எதிர் வேலை

வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் நாட்டோவைத் தொடவே கூடாது என்று ஜப்பானிய மருத்துவமனைகளில் சொல்லிக் கொடுப்பார்கள். கீரைப் பொடிச் சாறான அஓஜிரு, பாசியான குளோரெல்லா இரண்டும் அதே பட்டியலில் வரும். காரணம் வைட்டமின் கே. நாட்டோ பாக்டீரியா கே2 வகையைச் சேர்ந்த எம்.கே-7 என்பதை ஏராளமாகச் செய்கிறது. 100 கிராம் நாட்டோவில் ஆயிரம் மைக்ரோகிராம் அளவுக்குக்கூட இருக்கும். வார்ஃபரின் எந்த வைட்டமினின் கதவை அடைத்ததோ, அதையே வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கும் உணவு. கீரையில் உள்ள கே1 சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும், எம்.கே-7 நாள்கணக்கில் தங்கும். ஒரே ஒரு பெட்டி சாப்பிட்டால் அதன் பாதிப்பு அடுத்த சில நாள்களுக்கு ஐ.என்.ஆரில் தெரியும்.

நல்ல நாட்டோகைனேஸ் மாத்திரையில் இந்த வைட்டமினை நீக்கிவிட்டதாக எழுதியிருப்பார்கள். எழுதாதவையும் சந்தையில் உண்டு. அசிட்ரோம் சாப்பிடுகிறவர் எழுதாத டப்பா ஒன்றை வாங்கி, "இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது" என்று நினைத்துச் சாப்பிட்டால், ஒரு கையால் உறைதலைத் தடுத்துக்கொண்டே மறு கையால் உறைதலுக்கு வழிவிடுகிறார். பேய்லர் இதழில் வந்த நோயாளியின் கதையைவிட இது சந்தடி இல்லாமல் நடக்கக்கூடியது, அதனாலேயே எனக்கு அதிகம் கவலை தருவது.

இட்லி, தோசை மாவும் நொதித்ததுதானே, அதில் இந்த நொதி இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். மாவைப் புளிக்கவைப்பது லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் ஈஸ்டும். வேறு நுண்ணுயிர், வேறு நொதிகள், போதாக்குறைக்கு ஆவியில் வேகும்போது எந்த நொதியும் உயிரோடு மிஞ்சாது. நாட்டோவுக்கு உண்மையான உறவினர் இந்தியாவில் தேடினால் வடகிழக்கில் கிடைப்பார்கள்: சிக்கிமின் கினேமா, மணிப்பூரின் ஹவாய்ஜார், நாகாலாந்தின் அகுனி, மேகாலயாவின் துங்ரிம்பாய். எல்லாமே பேசிலஸ் பாக்டீரியாவில் நொதிக்கும் சோயா பீன்ஸ். அந்த ஊர்க்காரர்கள் வார்ஃபரின் சாப்பிட நேர்ந்தால் இதையும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

இயற்கையானது என்ற வாதம்

நோயாளியின் மனதை மாற்றியது இந்தச் சொல்லாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வார்ஃபரின் ரசாயனம், எலி மருந்து. நாட்டோகைனேஸ் உணவு. இப்படி ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது.

வார்ஃபரினின் பிறப்பைப் பாருங்கள். 1920களில் வட அமெரிக்கப் பண்ணைகளில், பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போன இனிப்பு மணப்புல்லைத் தின்ற மாடுகள் சின்னக் காயத்திலும் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் லிங்க்கின் குழு அந்த வைக்கோலிலிருந்து காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதை ஒட்டிச் செய்ததுதான் வார்ஃபரின். முதலில் எலிக்கும், 1954 முதல் மனிதர்களுக்கும் வந்தது. பிறந்த இடம் அதற்கும் நுண்ணுயிர் வேலை பார்த்த புல்தான். கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டாட்டின்களும் அப்படியே. அகிரா எண்டோ 1973இல் பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டார். 1979இல் சிவப்பு அரிசிப் பூஞ்சையான மொனாஸ்கஸிலிருந்து மொனகோலின் கே என்பதைப் பிரித்தார், இதுதான் லோவாஸ்டாட்டின். இவையெல்லாம் மருந்தானது எங்கிருந்து வந்தன என்பதால் அல்ல. எவ்வளவு கொடுத்தால் என்ன ஆகும் என்று அளந்து தெரிந்துகொண்டதால்.

அந்தச் சிவப்பு அரிசியே 2024இல் ஜப்பானை உலுக்கியது. ஒசாகாவைச் சேர்ந்த கோபயாஷி மருந்து நிறுவனம் பெனிகோஜி என்ற அந்தப் பூஞ்சை அரிசியை மாத்திரையாக்கி, கொலஸ்ட்ராலுக்கு உதவும் என்று விற்றது. 2015 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த 'செயல் அறிவிப்பு உணவு' என்ற முறையில், அரசின் தனி அனுமதி இல்லாமல் தகவல் தாக்கல் செய்துவிட்டு விற்கலாம். சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததாக 2024 ஜனவரி நடுவில் ஒரு மருத்துவர் நிறுவனத்துக்குத் தெரிவித்தார். பொதுமக்களுக்கு அறிவித்து மாத்திரைகளைத் திரும்பப் பெற்றது மார்ச் 22ஆம் தேதி. இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் மக்கள் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சில நூறு பேர் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. கெடுதல் செய்தது மொனாஸ்கஸ் பூஞ்சை அல்ல. தொழிற்சாலையில் புகுந்த ஒரு நீலப் பூஞ்சை உண்டாக்கிய பியூபெருலிக் அமிலம் என்று ஜப்பானின் சுகாதார அமைச்சகம் கண்டறிந்தது. அந்த ஜூலையில் நிறுவனத்தின் பிரசிடென்டும் சேர்மனும் பதவி விலகுவதாக அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 1 முதல், சாப்பிட்டவருக்குக் கெடுதல் என்று தெரிந்தால் உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இந்த வகை உணவுகளுக்குக் கட்டாயமானது.

நாட்டோகைனேஸில் இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. நொதித்தல் என்பது உயிருள்ள வேலை. வளரும் சாடியில் எது உள்ளே போனது என்று ஒவ்வொரு தொகுதியையும் சோதித்தால்தான் தெரியும். வீட்டிலே நொதித்தால் கெட்டுப்போனது வாடையிலும் நிறத்திலும் தெரிந்துவிடும், பொடியாக்கி உறையில் அடைத்தபின் தெரியாது.

வால்வு வைத்துக்கொண்டவர் வீட்டில்

இயந்திர வால்வு உள்ளவர், காலில் அல்லது நுரையீரலில் கட்டி வந்து மருந்து எடுப்பவர், ஸ்டென்ட் வைத்து இரண்டு வகை தட்டணு மாத்திரை சாப்பிடுகிறவர், மூளையில் ஒருமுறை கசிந்தவர்: இவர்கள் நாட்டோகைனேஸைத் தவிர்ப்பதே சரி. அறுவை சிகிச்சையோ பல் பிடுங்கலோ இருந்தால் முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். எந்த மருந்தும் சாப்பிடாத ஒருவர், ரத்த அழுத்தம் கொஞ்சம் எல்லையில் இருக்கிறது என்று வாங்கிச் சாப்பிட்டால் பெரிய கேடு வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பணத்துக்குப் பலன் வரும் என்றும் சொல்ல மாட்டேன்.

வீட்டில் யாராவது வார்ஃபரினையோ அசிட்ரோமையோ நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுவது தெரிந்தால் திட்டிப் பயனில்லை. அன்றைக்கே ஐ.என்.ஆர். எடுக்க வைத்து, டப்பாவையும் நோட்டையும் இதய மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மாத்திரையை எந்த அளவில் திரும்பத் தொடங்குவது, இடையில் ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார், நாமாக இரண்டு மாத்திரை சேர்த்துப் போடக் கூடாது. வால்வின் சத்தம் மங்கியிருந்தாலோ, புதிதாக மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, கை மரத்தாலோ பரிசோதனைக்கூடத்துக்குப் போக வேண்டாம். நேராக எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். அங்கே எக்கோவும் எக்ஸ்-ரே திரையில் தட்டின் அசைவும் பார்ப்பார்கள்.

அடுத்த முறை டாக்டர் "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கும்போது, பெரும்பாலோர் சப்ளிமென்ட்டைச் சொல்வதே இல்லை. மாத்திரை என்று நினைப்பதில்லை, அதனால் சொல்வதில்லை. கேட்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் "ஆன்லைனில் வாங்கிய பொடி, கேப்ஸ்யூல், ஆயுர்வேத லேகியம் ஏதாவது?" என்று பெயர் சொல்லியே கேட்டால் பதில் வரும்.